லோக்கல் சேனல் ஏன் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது? (சேலம் கேபிள் காலத்துக் கதைகள்)

ஜூலை 9, இரவு

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஏரியா லோக்கல் சேனலுக்கு இதோடு நாலாவது பெயர். லோகோ மாறுது, கலர் மாறுது, ஆனா அதே ஆள்தான் அதே சட்டையோட செய்தி வாசிக்கிறார். நியூமராலஜி பைத்தியமா, இல்ல வரியில இருந்து தப்பிக்கிற வேலையா?"

நியூமராலஜி உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன். வரிக் கதையும் எங்காவது இருந்திருக்கும். ஆனால் நான் பார்த்தவரை முக்கியமான காரணம் வயர். வீட்டுக்கு வருகிற கேபிள் வயர் யார் கைக்குப் போகிறதோ, அவர் வைக்கிற பெயர்தான் திரையில் ஏறும். லோகோ அழகாக இல்லையே என்று எந்த லோக்கல் சேனல் முதலாளியும் தூக்கம் கெட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து செட் டாப் பாக்ஸ் வருகிற வரைக்கும் சேலத்தில் ஒரு கேபிள் கண்ட்ரோல் ரூமில் இருந்தவன் நான். படம் போடுவது, ஸ்க்ரோலிங் ஓட்டுவது, கண்ணீர் அஞ்சலி ஸ்லைடு செய்வது, மழையில் ஆம்ப்ளிஃபயர் போனால் கம்பத்தில் ஏறுவது எல்லாம் நான்தான். சேனலின் பெயரைச் சொல்ல மாட்டேன். முதலாளி குடும்பம் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறது, என் கடைசிச் சில மாதச் சம்பளமும் அங்கேதான் இருக்கிறது.

பெயர் போன வழியை மட்டும் சொல்கிறேன். முதலில் முதலாளி மகளின் பெயரோடு 'விஷன்'. பக்கத்து ஏரியாக்காரரோடு கூட்டு சேர்ந்ததும் இரண்டு பேரின் இனிஷியல். கூட்டு உடைந்ததும் அந்த இனிஷியலில் ஒரு எழுத்து கழன்றது, முன்னால் 'டிஜிட்டல்' என்று ஒட்டிக்கொண்டது. அப்போது எங்கள் ரூமில் டிஜிட்டலாக இருந்தது சுவர்க் கடிகாரம் மட்டும்தான். கடைசியில் பெரிய நெட்வொர்க் ஒன்று எங்கள் வயரை எடுத்துக்கொண்டு அவர்கள் பெயரை வைத்தது.

ஜூலை 10

"சேனல் பெயரை அரசாங்கத்திடம் பதிய வேண்டாமா, நினைத்தபடி மாற்ற முடியுமா?" என்று கேள்வி.

சாட்டிலைட் சேனல் என்றால் முடியாது. பெயரும் லோகோவும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதியில் இருக்கும், மாற்றுவதென்றால் திரும்பக் கேட்க வேண்டும். லோக்கல் சேனல் வேறு ஜாதி. 1995-ஆம் வருஷத்துக் கேபிள் டிவி சட்டப்படி பதிய வேண்டியது கேபிள்காரர்தான். அதுவும் எங்கே தெரியுமா? அந்தக் காலத்தில் தலைமைத் தபால் நிலையத்தில். ஐந்நூறு ரூபாய் கட்டி ஃபார்ம் கொடுத்தால் முடிந்தது. ஸ்டாம்பு வாங்கவும் மணியார்டர் அனுப்பவும் நிற்கிறவர்களோடு நின்று டிவிக்காரன் ஆனவர்கள் நாங்கள்.

அந்தக் காகிதத்தில் இருப்பது நெட்வொர்க். அதில் ஓடுகிற சொந்தச் சேனலுக்கு மகள் பெயரை வைக்கிறாயா, குலதெய்வத்தின் பெயரை வைக்கிறாயா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் முடிவெடுத்தால் ராத்திரி எட்டு மணிப் படத்துக்குப் புதுப் பெயர் வந்துவிடும். பிட் நோட்டீஸ் அடிக்கிற செலவு கூடக் கிடையாது, ஸ்க்ரோலிங்கில் நாமே போட்டுக்கொள்வோம்.

ஜூலை 10, கொஞ்ச நேரம் கழித்து

நியூமராலஜி: எங்கள் ஊரில் ஒரு சேனல் ஆங்கிலப் பெயரில் கூடுதலாக ஒரு 'ஏ' போட்டது. ஆறு மாதத்தில் விளம்பரம் கொட்டும் என்று ஜோசியர் சொன்னாராம். அந்த ஜோசியரே மாதா மாதம் விளம்பரம் கொடுத்தார், பாதிப் பலித்துவிட்டது.

ஜூலை 12

"வயர்தான் காரணம் என்றால் பாலிமர் டிவி ஏன் பெயர் மாறவில்லை? அதுவும் சேலத்து லோக்கல்தானே" என்று ஒருவர் மடக்குகிறார்.

மடக்கவில்லை, எனக்குத்தான் வலு சேர்க்கிறார். சேலத்தில் கேபிள் சேனலாகத் தொடங்கி, 2009-இல் சாட்டிலைட்டுக்குப் போய், இந்தி சீரியல்களைத் தமிழ் பேச வைத்து ஊர் ஊராகப் பரவி, அப்புறம் செய்திச் சேனலும் போட்டார்கள். சென்னைக்குப் போனால்தான் சேனல் என்று எல்லோரும் நினைத்த நாளில் இது சின்ன விஷயம் இல்லை. கேபிளிலும் அதே கை, சாட்டிலைட்டிலும் அதே கை. கை மாறாததால் பெயர் மாற வேண்டிய தேவையே வரவில்லை.

சன் டிவியும் அப்படித்தான். 1993 ஏப்ரல் 14-இல் வைத்த பெயர் இன்றுவரை அப்படியே இருக்கிறது. அவர்களுக்கு எஸ்சிவி (சுமங்கலி கேபிள் விஷன்) என்று சொந்த வயரே இருந்தது.

விஜய் டிவியைப் பாருங்கள். 1994-இல் அது ஜிஇசி, அதாவது கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன்ஸ். தொடங்கியவர் ராமசாமி உடையார். விஜய் மல்லையா கைக்கு வந்ததும் விஜய் டிவி. பின்னால் யுடிவி உள்ளே வந்தது, 2001-இல் ஸ்டார் வந்தது, தலையில் நட்சத்திரம் ஏறி ஸ்டார் விஜய் ஆனது. மல்லையா போய் எத்தனை வருஷம் ஆகிறது, 'விஜய்' மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பலர் அதை நடிகர் விஜயோடு சேர்த்து நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கலெக்‌ஷன் பையன் கடைசிவரை அப்படித்தான் நினைத்தான்.

தந்தி டிவி இன்னும் சுவாரசியம். அது 2009-இல் என்டிடிவி ஹிந்து என்று சென்னைக்காரர்களுக்கான ஆங்கிலச் சேனலாக வந்தது. தினத்தந்தி வாங்கி 2012-இல் பெயர் மாற்றியபோது மொழியும் மாறியது, பார்க்கிற கூட்டமும் மாறியது. ஒரு சேனல் வேறு சேனலாகவே ஆகிவிட்டது.

ஜூலை 13

லோகோ விஷயம் கேட்டதால் தொழில் ரகசியம் ஒன்று.

புதுப் பெயர் வரும்போதெல்லாம் லோக்கல் சேனலின் மூலை லோகோ பெரிதாகிக்கொண்டே போகும், கவனித்திருக்கிறீர்களா? பழையதை மறைக்கத்தான். எங்களிடம் இருந்த சொந்தச் சரக்கு எல்லாம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம், எல்லாம் பழைய லோகோ பதிந்த டேப்புகள். படத்திலேயே பதிந்துவிட்டதை அழிக்க முடியாது. அதன் மேல் புதியதை உட்கார வைக்க வேண்டும். பழையது வட்டம், புதியது மெலிந்த எழுத்து என்றால் ஓரங்களில் பழையது எட்டிப் பார்க்கும். எனவே பின்னால் ஒரு கறுப்புப் பட்டை போடுவோம். மூன்றாவது பெயருக்கு வரும்போது திரையின் வலது மூலை முழுவதும் எங்கள் சொத்தாகிவிட்டது. கிரிக்கெட் போட்டால் ஸ்கோர் தெரியவில்லை என்று குகை ஏரியாவிலிருந்து போன் வரும்.

டிசைன் செய்தவர் செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடைக்காரர். அதனால் முதல் லோகோவில் மயில் இருந்தது.

மைக் கதை தனி. நிருபர் கையில் இருக்கிற மைக்கில் நாலு பக்கமும் லோகோ ஒட்டிய பெட்டி இருக்கும். பெயர் மாறிய வாரம் கேமரா பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் புது ஸ்டிக்கர், மற்ற மூன்று பக்கத்திலும் பழசு. மேடையில் பேசுகிறவர் மைக்கைத் திருப்பிப் பிடித்தால் தீர்ந்தது கதை. எம்எல்ஏ பேட்டியில் ஒரு தடவை நிருபர் ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். எம்எல்ஏ அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

ஜூலை 15

"மக்கள் குழம்பிப் போக மாட்டார்களா?" இல்லை. ஏனென்றால் மக்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தியதே கிடையாது.

பழைய டிவிப் பெட்டிகளில் எட்டு பட்டன் இருக்கும், கொஞ்சம் வசதி என்றால் பன்னிரண்டு. கேபிள்காரப் பையன் சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒவ்வொன்றாகத் திருகி சேனல் பிடித்துக் கொடுப்பான். எங்கள் சேனலை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் முதலாளியின் முழுக் கவனமும் இருக்கும். கோ-ஆக்சியல் வயரில் அதிர்வெண் கூடக்கூட சிக்னல் சீக்கிரம் இளைக்கும். மாடுலேட்டரை (நம் படத்தை வயரில் ஒரு சேனலாக ஏற்றுகிற பெட்டி) அதிர்வெண் குறைந்த கீழ்ப் பேண்டில் வைத்தால் கடைசி வீட்டிலும் படம் பளிச்சென்று இருக்கும். எனவே நல்ல இடங்கள் தூர்தர்ஷனுக்கும் சன்னுக்கும் எங்களுக்கும்தான். மற்றவர்கள் அப்புறம். வெளிச் சேனல்கள் அந்த நல்ல இடத்துக்குக் காசு கொடுக்கிற காலம் பின்னால் வந்தது, கேரேஜ் ஃபீஸ் என்பார்கள்.

அம்மாப்பேட்டைத் தறிக்கூடங்களில் எங்கள் சேனலுக்குப் பெயர் 'ஏழு'. "ஏழுல என்ன படம்?" அவ்வளவுதான். பெண்கள் 'கேபிள்காரன் சேனல்' என்பார்கள். திரையில் நாங்கள் என்ன கூத்து அடித்தாலும் 'ஏழு' மாறவில்லை. வீட்டில் இருந்த கலெக்‌ஷன் கார்டில் எங்கள் முதல் பெயரே அச்சாகி இருந்தது. அட்டை தீரும்வரை மாற்றக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

ஜூலை 16

மேலே எழுதியதைப் படித்துவிட்டு சூரமங்கலத்து நண்பர் ஒருவர், "அப்படியென்றால் பெயருக்கு மதிப்பே இல்லை என்கிறீர்களா?" என்கிறார். பார்ப்பவருக்கு இல்லை. விளம்பரம் கொடுப்பவருக்கு உண்டு. ஜவுளிக்கடைக்காரர் காசு கொடுப்பது 'ஏழு'க்கு இல்லை, ரசீதில் இருக்கிற பெயருக்கு. கூட்டு உடைந்தபோது எங்கள் இரண்டு முதலாளிகளும் அடித்துக்கொண்டது ஆம்ப்ளிஃபயருக்கோ டேப்புக்கோ இல்லை, அந்த இரண்டு எழுத்துக்குத்தான். பஞ்சாயத்து ஒரு தட்டுவடை செட் கடையில் நடந்தது. எழுத்து ஆளுக்கொன்று என்று தீர்ப்பு.

ஜூலை 19

ஏற்காட்டிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார், எஸ்டேட் பக்கம் பிறந்தவர். "எங்களுக்கெல்லாம் லோக்கல் சேனலே இல்லை, கோடை விழா நடந்தால் கூட ஊர்க்காரர்கள் சேலத்தில் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்" என்கிறார்.

டவுனில் இருந்தது, அக்கா. பஸ் ஸ்டாண்டு, ஏரிப் பக்கம் எல்லாம் வயர் ஓடியது. எஸ்டேட்டுக்குள் இழுப்பதுதான் பெரும்பாடு. கம்பம் நட எஸ்டேட்காரர்கள் விட மாட்டார்கள், சில்வர் ஓக் மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டு போக வேண்டும். காற்றடித்தால் கிளை விழும், இடி விழுந்தால் வரிசையாக ஆம்ப்ளிஃபயர் போகும். ஒரு பக்கம் பத்து வீடு, அடுத்த பத்து வீடு இன்னொரு சரிவில். கணக்குக் கட்டாது. சாட்டிலைட் தட்டு வந்ததும் மலை முழுவதும் அதற்கு மாறியது நியாயம்தான். 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் டிடி டைரக்ட் பிளஸ் என்று ஆரம்பித்தது, மாதக் கட்டணமே கிடையாது. இப்போது அதுவே டிடி ஃப்ரீ டிஷ். பாருங்கள், தட்டுக்குக் கூடப் பெயர் மாறியிருக்கிறது.

ஆனால் தட்டில் லோக்கல் சேனல் வராது. மலைக்காரர்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது, அடிவாரம் தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பஸ் நின்றால் எங்கள் ஸ்க்ரோலிங்கில் சேலத்துக்காரர்கள் படித்தார்கள். பாதி வழியில் நின்றவர்களின் வீட்டில்தான் தகவல் இல்லை.

ஜூலை 20

தூர்தர்ஷன் என்றதும் பொதிகையை ஆரம்பித்துவிட்டார்கள். சரி.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. பின்னால் தமிழுக்கென்று தனிச் சேனல் டிடி 5. அப்புறம் 2000-இல் பொதிகை. 2024 ஜனவரி 19-இல் சென்னையில் பிரதமர் தொடங்கி வைத்து டிடி தமிழ். அந்த வருஷம் ஏப்ரலில் டிடி நியூஸ் லோகோ சிவப்பிலிருந்து காவியானதும் பெரிய சண்டை நடந்தது, அதை இங்கே கிளறாதீர்கள்.

பெயராகப் பார்த்தால் பொதிகை மிக நல்ல பெயர். தமிழ்நாட்டுச் சேனல்களில் மலையின் பெயர் வைப்பதே அபூர்வம் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தம்தான். சேர்வராயன் என்று ஒரு சேனல் வந்திருந்தால் நான் சம்பளம் இல்லாமலே வேலை பார்த்திருப்பேன் (எப்படியும் அப்படித்தான் பார்த்தேன்).

இதில் என் வயர் கணக்கு உதைக்கிறது என்று சொல்வீர்கள், கை மாறாமலே பெயர் மாறியிருக்கிறது என்று. உதைக்கத்தான் செய்கிறது. அரசாங்கச் சேனலுக்கு வேறு கணக்கு. டெல்லியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எல்லா மாநிலமும் ஒரே வரிசையில், ஒரே அச்சில் இருக்க வேண்டும். பொதிகை என்றால் எந்த மொழி என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். டிடி தமிழ் என்றால் வேண்டாம்.

ஜூலை 24

கடைசியாகப் பெரிய கேள்விக்கு வருகிறேன். எங்களை மாதிரிச் சின்னச் சேனல்கள் ஏன் ஒரே மூச்சில் காணாமல் போயின?

அனலாக் காலத்தில் வயர் வைத்திருந்த எவனும் சேனல் நடத்தலாம். ஒரு விசிடி பிளேயர், ஒரு மாடுலேட்டர், எல்லாச் சேனலையும் ஒரே வயரில் சேர்க்கிற காம்பைனரில் ஒரு ஓட்டை. அவ்வளவுதான் டிவி ஸ்டேஷன். தெருவுக்குத் தெரு சேனல் இருந்தது அதனால்தான். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது கலெக்‌ஷன் ஆட்டம் கண்டது. பெரிய ஆட்டம் பாக்ஸ் வந்தபோதுதான். டிஜிட்டல் மாற்றத்தின் முதல் இரண்டு கட்டங்களில் சேலம் இல்லை, தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும்தான். நாங்கள் மூன்றாம் கட்டம். இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது என்று குதித்தோம்.

பாக்ஸ் வந்த பிறகு சிக்னல் பெரிய நெட்வொர்க்கின் ஹெட் எண்டிலேயே (எல்லாச் சேனலையும் வாங்கி அனுப்புகிற தலைமை நிலையம்) பூட்டி வரும். நடுவில் நம் ரூமில் ஒரு சேனலைச் செருக முடியாது. உங்கள் சேனல் வேண்டுமென்றால் ஹெட் எண்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வாடகை பேசி, ஒரு நம்பர் வாங்க வேண்டும். அந்த வாடகைக்கு எங்கள் வருஷ வருமானம் காணாது. கொடுக்க முடிந்தவர்கள் மாவட்டச் சேனல் ஆனார்கள். மற்றவர்கள் அவர்களுக்குச் சரக்கு கொடுத்தார்கள், இல்லாவிட்டால் மூடினார்கள். அஸ்தம்பட்டி நண்பர் சொன்ன 'அதே ஆள் அதே சட்டை' அப்படி வந்ததுதான். சேனல் போய்விட்டது, செய்தி வாசிப்பவர் மட்டும் மிச்சம். புது முதலாளி அவரை எடுத்துக்கொண்டார்.

அம்மாப்பேட்டையில் 'ஏழு' செத்ததும் அன்றைக்குத்தான். மூன்று இலக்க நம்பரை யாரும் பெயராகக் கூப்பிடுவதில்லை.

ஜூலை 25

விட்டுப்போனது ஒன்று. 2022 நவம்பரில் அமைச்சகம் விதி போட்டது. கேபிள் நெட்வொர்க் நடத்துகிற சொந்தச் சேனலுக்குப் பெயர் 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்'. அது இன்னதென்று திரையிலேயே எழுதிக் காட்ட வேண்டும். ஒரு நெட்வொர்க்கின் சொந்தச் சேனல் நிகழ்ச்சியை இன்னொரு நெட்வொர்க்கோடு பங்கு போடவும் கூடாது. ஆக வயர் மாறினால் சேனல் கூடவே வராது என்பது இப்போது விதி. நான் ஜூலை 9-ஆம் தேதி சொன்னதை அமைச்சகம் முன்பே எழுத்தில் போட்டுவிட்டது.

கிண்டல் என்னவென்றால், இத்தனை வருஷம் பெயர் மாற்றி மாற்றி வைத்த எல்லோருடைய மூலையிலும் இப்போது ஒரே எழுத்து.

ஜூலை 30

ஆடி வந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை, அதனால் எழுத நேரம் கிடைத்தது.

பிராண்ட், பிராண்ட் என்கிறோம். எங்கள் சேனலுக்கு ஊரில் மரியாதை கிடைத்தது குகை வண்டி வேடிக்கையால்தான். சாமி வேஷம், புராணக் காட்சி என்று ஜோடித்து ராத்திரி முழுக்க வண்டிகள் வரும், தெரு நிற்க இடம் இருக்காது. வெளியூர்ச் சேனல் எதுவும் அப்போது எட்டிப் பார்க்காது. நாங்கள் ஒரு மொட்டை மாடியில் கேமராவை வைத்து, அங்கிருந்து கண்ட்ரோல் ரூம் வரை வயரை இழுத்து நேரலையாகப் போட்டோம். நடக்க முடியாத பாட்டிகள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டாவது பெயரில் போட்டோமா மூன்றாவது பெயரில் போட்டோமா என்று இன்று யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். கேமராக்காரர் தூங்கிப்போய் அரை மணி நேரம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓடியதை மட்டும் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 2

அந்த டேப்புகள் எங்கே என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பாதியின் மேல் சீரியல் பதிந்துவிட்டார்கள், டேப்புக்கு அவ்வளவு பஞ்சம். மீதி எங்கெங்கோ வீடுகளில் இருக்கும். உங்கள் வீட்டில் விஎச்எஸ் கேசட் இருந்தால், முக்கியமாக ஏற்காட்டு வீடுகளில் இருந்தால், உடனே பிளேயரில் போடாதீர்கள். மலை ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அது ஹெட்டில் ஒட்டும், அடுத்துப் போடுகிற நல்ல டேப்பையும் கெடுக்கும். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் தனியாகக் காய்ந்த இடத்தில் வையுங்கள், சுத்தம் செய்து மாற்றித் தருகிறவர்களிடம் கொடுங்கள். முதுகில் எழுதிய லேபிளைக் கிழித்துவிட வேண்டாம். தேதி பெரும்பாலும் அதில் மட்டும்தான் இருக்கும்.

மயில் லோகோ யார் டேப்பிலாவது வந்தால் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடுங்கள்.